நீங்க கடையில இல்லாத நேரத்துல உங்க ஆள் என்ன செஞ்சார்? அனுபவம் சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வெள்ளிப் பட்டறை, முன்னாடி சின்னக் கடை, நாலு பேர் வேலை. போன மாசம் ஆத்தூர்ல ஒரு சாவு, போனை சைலண்ட்ல போட்டிருந்தேன். வெளிய வந்து பார்த்தா 11 மிஸ்டு கால். குழந்தைக் கொலுசுல திருகு ஒடிஞ்சு ஒரு அம்மா வந்திருக்காங்க. மறுநாள் காதுகுத்து. எங்க ஆள் 12 வருஷமா வெள்ளியைப் பத்தவெச்சு ஒட்டுறவர், அவருக்கு அஞ்சு நிமிஷ வேலை. "அண்ணன் வரட்டுங்க"ன்னே சொல்லியிருக்கார். ராத்திரி கேமராவுல பார்த்தேன். குழந்தை ஒத்தைக் கொலுசோட ஸ்டூல்ல உக்காந்து காலை ஆட்டுது, அவர் ஊதுகுழலைக் கையில பிடிச்சுட்டு வாசலையே பார்த்து நிக்கிறார். முக்கால் மணி நேரம். அப்புறம் அவங்க எழுந்து போயிட்டாங்க.
திட்டத்தான் போனேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி கேட்காம ஒரு கண்ணி மாத்தினதுக்கு எல்லார் முன்னாடியும் அவரைக் கத்தினது நான்தான்.

ஏற்காடு மேனேஜர்:
எங்க காட்டேஜ்லயும் இதேதான். கோடை விழாக் கூட்டம், கரண்ட் போச்சு, கீசர் இல்ல, கைக்குழந்தையோட ஒரு குடும்பம். ரூம் பையன் விறகடுப்புல வெந்நீர் வெச்சுக் கொடுத்து, வாடகையில 500 திருப்பியும் கொடுத்துட்டான். அவங்க அவ்வளவு சந்தோஷமாப் போனாங்க. கீழ சேலத்துல இருக்கிற ஓனர் அந்த 500-ஐ அவன் சம்பளத்துல பிடிச்சார். நான் வாயத் திறக்கல.
அடுத்த மழையில ஒரு ரூம் ஒழுகுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு நனைஞ்சுக்கிட்டே என் கதவைத் தட்டி, "பக்கத்து ரூமைத் திறந்து விடலாமாங்கண்ணா?"ன்னு கேட்டான். சாவி அவன் கையிலதான் இருந்துச்சு.

லீபஜார் கணக்கு:
செவ்வாய்ப்பேட்டை அண்ணா, நீங்க கத்தினது மட்டும் காரணமில்ல. எதுவரைக்கும் அவர் முடிவு பண்ணலாம்னு நீங்க சொல்லவே இல்லையே? ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்ல ஒரு விருந்தாளியோட பிரச்சினையைத் தீர்க்க 2,000 டாலர் வரைக்கும் ஊழியரே செலவு பண்ணலாம், மேல கேட்க வேண்டியதில்ல. டொயோட்டா ஃபேக்டரியில கோளாறு கண்ணுல பட்டா, அங்க நிக்கிற தொழிலாளியே எச்சரிக்கைக் கயித்தை இழுக்கலாம், சரியாகலேன்னா லைனே நிக்கும். நமக்கு 300 ரூபாய் போதும். கல்லாவுல தனியா ஒரு டப்பா வைங்க. எடுத்தவங்க நோட்டுல என்ன பிரச்சினை, என்ன செஞ்சேன்னு ரெண்டு வரி எழுதட்டும். சனிக்கிழமை சேர்ந்து உக்காந்து படிங்க. தப்பா முடிவெடுத்திருந்தா தனியாக் கூப்பிட்டு, "அடுத்த தடவை எப்படிப் பண்ணலாம்?"னு கேளுங்க. அவங்க எதுக்குப் போன் பண்ணினாலும் உடனே பதில் சொல்லிடாதீங்க, "நீ என்ன நினைக்கிறே?"ன்னு முதல்ல கேளுங்க. எங்க மண்டியில லோடுமேனே நனைஞ்ச ஜவ்வரிசி மூட்டையை இறக்காம திருப்பி அனுப்பினார், அந்த நேரம் நான் பேங்க்ல.

கடைப்பையன்:
கணக்கு சார், எங்க கடையிலயும் 200 ரூபாய் லிமிட் போட்டாங்க. முதல் தடவை 150 எடுத்தேன். எதுக்குன்னு முதலாளி மூணு தடவை கேட்டார், அவங்க வீட்டம்மா ஒரு தடவை கேட்டாங்க. அந்த நோட்டு ஆணியில தொங்குது, என்னோட ஒரு வரிதான் இருக்கு.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தம்பி சொன்னதைப் படிச்சுட்டுத்தான் நேத்து அவர்கிட்ட பேசினேன். ரிப்பேர் எது வந்தாலும் கூலியை நீங்களே சொல்லி முடிச்சுடுங்கன்னேன். "எடை குறைஞ்சா?"ன்னார். என் கணக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அதைத் தராசு பக்கத்துல எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டிட்டேன். அந்த அம்மாவோட நம்பர்தான் யார்கிட்டயும் இல்ல.