அப்டேட்: மெத்தட்ஸா ஜெனரல் மேத்ஸா, முடிவு பண்ணியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, மெல்பர்ன்ல பொண்ணு இயர் 11, கணக்குல கஷ்டமான மெத்தட்ஸ் எடுக்கறதா, அதவிட லேசான ஜெனரல் மேத்ஸ் எடுக்கறதான்னு. பாதிப் பேர் ஸ்கேலிங் ஸ்கேலிங்னு (பாடத்துக்குப் பாடம் மார்க்க ஏத்தி இறக்கறது) சொன்னதக் கேட்டு மெத்தட்ஸ்லயே பிடிச்சு வச்சிருந்தேன், டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி எல்லாம் அழுகை, சாப்பாடும் இறங்கல. மெத்தட்ஸ்னா மார்க்க ஏத்துவாங்க, ஜெனரல்னா இறக்குவாங்க, நிஜம்தான், ஆனா கையில மார்க்கே இல்லன்னா எத ஏத்துறது? இன்ஜினியரிங்னா வேற கதை, இவ கேக்கறது நர்சிங். இயர் 12 மெத்தட்ஸ்ல கால்குலேட்டரே இல்லாம ஒரு பேப்பர் வேற, ஜெனரல்ல ரெண்டு பேப்பருக்கும் கால்குலேட்டர், நோட்ஸ் ரெண்டுமே கொண்டு போலாம். ஜெனரலுக்கு மாத்திட்டோம். அவங்கப்பா இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்காரு (அவர் பிளஸ் டூ கணக்கு மார்க்க யாரும் கேக்கறதில்ல). நேத்து ஜெனரல்ல படிச்சத வச்சு எங்க கார் மதிப்பு வருஷா வருஷம் எவ்ளோ இறங்கும்னு அவளே கணக்குப் போட்டுக் காட்டினா, எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.