கேட்-கேம் முதுநிலைப் படிப்பு: மென்பொருள் தெரிந்தவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது?

வரைபலகை (கேள்வி)

இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின் இரண்டரை ஆண்டுகளாக வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். முப்பரிமாண மாடல் உருவாக்குவதும், அசெம்பிளி சேர்ப்பதும், அவற்றிலிருந்து வரைபடம் எடுப்பதுமே என் அன்றாட வேலை. இரண்டு மென்பொருள்கள் நன்றாகக் கைவந்துவிட்டன. இப்போது கேட்-கேம் (கணினிவழி வடிவமைப்பு, கணினிவழித் தயாரிப்பு) துறையில் முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று யோசித்து வருகிறேன். ஆனால் என்னுடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், "மென்பொருள்தான் உங்களுக்கு நன்றாகத் தெரியுமே, அதற்காக இரண்டு ஆண்டுகளை ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று கேட்டபோது, என்னிடம் தெளிவான பதில் இல்லை.

படிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் வளைந்த பரப்புகள் நிறைந்த ஒரு மாடலை வேறொரு மென்பொருளுக்கு அனுப்ப நேர்ந்தது. என் திரையில் குறையில்லாத திடப்பொருளாக இருந்த அது, அங்கே ஓரங்கள் ஒட்டாத தனித்தனிப் பரப்புகளாகத் திறந்தது. ஒவ்வொரு விளிம்பாகத் தைத்துச் சரிசெய்துவிட்டேன். ஆனால் அது ஏன் பிரிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இத்தகைய கேள்விகளுக்கு அந்தப் படிப்பில் விடை கிடைக்குமா? கணிதத்தில் நான் சுமாரானவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணுப்புள்ளி

உங்கள் மூத்தவருக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில், நீங்கள் தைத்துச் சரிசெய்த அந்த மாடலிலேயே இருக்கிறது. வடிவியல் மாடலிங் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு வளைந்த பரப்புகள் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு உருவாகிறது. அதைத் துல்லியமாக ஒரே சமன்பாட்டில் எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இரு திசைகளிலும் மூன்றாம் படி கொண்ட சாதாரணப் பரப்புத் துண்டு ஒன்றை இயற்கணிதச் சமன்பாடாக மாற்றினால் அதன் படி 18 ஆகிவிடுகிறது. அத்தகைய இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளும் கோட்டின் படி, பொதுவான நிலையில், 18-ஐ 18-ஆல் பெருக்கக் கிடைக்கும் 324. எந்த மென்பொருளும் அப்படியொரு சமன்பாட்டைச் சுமந்துகொண்டிருக்காது. வெட்டுக்கோட்டின் மீது போதிய புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் வழியே குறைந்த படியுள்ள ஒரு வளைகோட்டைப் பொருத்தி, "இந்த டாலரன்ஸுக்குள் (ஏற்கத்தக்க சிறு பிழையளவுக்குள்) இதுதான் விளிம்பு" என்று கெர்னல், அதாவது மென்பொருளில் வடிவியல் கணக்குகளைச் செய்யும் உட்பகுதி, முடிவு செய்துகொள்கிறது. போதாக்குறைக்கு, அந்த ஒரே விளிம்பு பல வேளைகளில் மூன்று வடிவங்களில் சேமிக்கப்படுகிறது: முப்பரிமாண வெளியில் ஒரு வளைகோடாகவும், இரு பரப்புகளின் அளவுருத் தளங்களில் (பரப்பின் மேலுள்ள இடத்தை இரு எண்களால் குறிக்கும் தளங்களில்) தனித்தனிக் கோடுகளாகவும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முற்றிலும் பொருந்துவதில்லை. டாலரன்ஸுக்குள் பொருந்துகின்றன, அவ்வளவுதான். நீங்கள் கோப்பை ஐஎஸ்ஓ 10303 என்னும் ஸ்டெப் வடிவில் அனுப்பியிருந்தாலும், பெறும் மென்பொருள் உங்களுடையதைவிடக் கண்டிப்பான டாலரன்ஸைக் கொண்டிருந்தால், உங்கள் கெர்னல் பொறுத்துக்கொண்ட இடைவெளியை அது பொறுத்துக்கொள்ளாது. மாடல் பிரிந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

முதுநிலைப் படிப்பில் கற்க வேண்டியது இந்த அடித்தளத்தைத்தான். கார் உடலின் வளைவுகளைக் கணிதமாக எழுத வேண்டிய தேவையில், சித்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோ 1959-இலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியர் அடுத்த சில ஆண்டுகளிலும், ஏறத்தாழ ஒரே வகை வளைகோட்டைத் தனித்தனியே வந்தடைந்தார்கள். முன்னவரின் பணியை நிறுவனம் வெளியிடாமல் வைத்திருந்ததால், கோட்டுக்குப் பின்னவரின் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கோட்டின் வடிவை நிர்ணயிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் ஒன்றை நகர்த்தினால் கோடு முழுவதும் அசைந்துவிடும். அந்தக் குறையைக் கணுக்களின் (கோட்டின் துண்டுகள் இணையும் இடங்களின்) துணையோடு பி-ஸ்பிளைன் என்னும் வளைகோடு தீர்க்கிறது. சாதாரணப் பல்லுறுப்புக் கோவையால் ஒரு வட்டத்தைக்கூடச் சரியாக வரைய முடியாது என்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடை சேர்த்து நர்ப்ஸ் என்னும் வகை வந்தது. மூன்று புள்ளிகளில் நடுப்புள்ளிக்கு ஏறத்தாழ 0.7071 எடை கொடுத்தால் கால் வட்டம் பிசகின்றிக் கிடைக்கும். மூலைகளை வளைவாக்க நீங்கள் தினமும் இடும் ஃபில்லட்டுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

கணிதத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். அணிகள், வெக்டர்கள், பகுதி வகையீடு, எண்முறைத் தீர்வுகள் ஆகியவற்றைத் தாண்டிப் பெரிதாக எதுவும் தேவைப்படாது.

கட்டர்முனை

மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படிப்பின் பெயரில் உள்ள இரண்டாம் பாதியை அவர் தொடவே இல்லை. பேராசிரியர்களுக்கு அது வழக்கம்தான் என்பது என் கருத்து.

பந்துமுனைக் கட்டரால் ஒரு தட்டையான பரப்பை வெட்டும்போது, அடுத்தடுத்த இரண்டு பாதைகளுக்கு இடையே சிறு முகடு எஞ்சுகிறது. அதன் உயரம், பக்கவாட்டு நகர்வின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 5 மி.மீ. ஆரமுள்ள கட்டரை 1 மி.மீ. நகர்த்தினால் முகடு 25 மைக்ரான், 0.5 மி.மீ. நகர்த்தினால் 6.25 மைக்ரான். முகடு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் பாதைகளின் எண்ணிக்கையும் அதனால் நேரமும் இரட்டிப்பாகின்றன. வடிவமைப்பாளர் வரைபடத்தில் மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற குறியை யோசிக்காமல் இட்டுவிட்டால், பணிமனையில் இயந்திரம் எத்தனை மணி நேரம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும் என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். உள்மூலைகளும் அப்படித்தான். 4 மி.மீ. ஆரமுள்ள உள்மூலைக்குள் 5 மி.மீ. ஆரமுள்ள கட்டர் இறங்காது. கட்டரின் ஆரத்தை ஈடுகட்டும் ஜி41 கட்டளையோடு ஓட்டினால் இயந்திரத்தின் கன்ட்ரோலர் அலாரம் கொடுத்து நிற்கும், நிற்காவிட்டால் பொருளைக் கடித்துவிடும்.

நான் படித்த இடத்தில் சிஎன்சி இயந்திரம் (கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம்) ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது; நாங்கள் திரையில் மட்டுமே வெட்டினோம். அதன் விளைவை வேலைக்குச் சென்ற முதல் ஆண்டிலேயே அனுபவித்தேன். சிமுலேஷனில் எந்தக் குறையுமின்றி ஓடிய ஒரு நிரல், இயந்திரத்தில் டூல் ஹோல்டரை நேராகப் பொருளைப் பிடித்திருக்கும் வைஸின் மீது கொண்டுபோய் மோதியது. சிமுலேஷன் காட்டியது கேம் மென்பொருளின் உட்பாதையை. இயந்திரம் படித்ததோ, அந்தப் பாதையை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் போஸ்ட் பிராசஸர் எழுதிக்கொடுத்த ஜி-கோடை. கருவியைப் பின்னிழுக்கும் நகர்வைப் போஸ்ட் பிராசஸர் வேறு வரிசையில் எழுதியிருந்தது. வைஸை நான் சிமுலேஷனில் சேர்க்கவும் இல்லை. ஆகவே சேருமுன் அந்தத் துறையின் ஆய்வகத்துக்கு நேரில் சென்று, மாணவர் தம் கையால் ஜீரோ எடுத்து (பொருளின் தொடக்கப் புள்ளியை இயந்திரத்துக்குக் காட்டி), டூல் ஆஃப்செட் (கருவியின் அளவு) இட்டு, இயந்திரத்தை ஓட்ட அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். பாடத்திட்டத் தாளில் இது தெரியாது.

அரைப்புள்ளி

ஒரு மாற்றுக் கருத்து. இப்போது செய்யும் அதே மாடலிங் வேலையில் இன்னும் உயர்ந்த நிலைக்குப் போவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், இந்தப் படிப்பு தேவையில்லை. வடிவ, நிலை டாலரன்ஸ்களை ஐஎஸ்ஓ 1101-இன்படி ஒழுங்காகக் கற்றுக்கொண்டாலே வேறுபாடு தெரியும். மென்பொருளை உருவாக்கும் பக்கமோ, தயாரிப்பு முறைகளை வகுக்கும் பக்கமோ போக விரும்பினால்தான் இது பயன்படும். மேலும், கேட்-கேம் என்று பெயர் வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் வரம்புறு கூறு முறையையே (பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து அதன் தகைவு போன்றவற்றைக் கணக்கிடும் முறையையே) நடத்தும் பாடத்திட்டங்களும் உண்டு. அது நல்ல பாடம்தான், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அதில் இல்லை.

வரைபலகை

மூவருக்கும் மிக்க நன்றி. 324 என்ற எண்ணைப் பார்த்தபின் அந்த மாடலின்மேல் இருந்த கோபம் தணிந்துவிட்டது. தயாரிப்புப் பக்கம் செல்லவே விருப்பம் என்பதும் இப்போது எனக்குத் தெளிவாகிறது. அடுத்த வாரம் ஓர் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். சேர்வதற்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருப்பதால், கணுப்புள்ளி ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: கணிதத்தை எங்கிருந்து தொடங்குவது?

கணுப்புள்ளி

தாளும் பென்சிலும் போதும். (0,0), (0,4), (4,4), (4,0) என்று நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் குறித்து, வரிசையாக இணையுங்கள். கிடைக்கும் மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகள் (0,2), (2,4), (4,2). இவற்றை இணைத்து மீண்டும் நடுப்புள்ளிகள் எடுத்தால் (1,3), (3,3). இவ்விரண்டின் நடுவே வரும் (2,3) வளைகோட்டின்மேல் இருக்கும் புள்ளி. டி காஸ்டல்ஜோவின் முறை இதுதான். (0,0), (0,2), (1,3), (2,3) ஆகிய நான்கும் கோட்டின் இடது பாதிக்குரிய கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பதைத் தனியாகக் கவனியுங்கள். ஒரு கோட்டை இரண்டாக வெட்டும்போது மென்பொருள் செய்வதும் இதையே.

கையால் இதைச் செய்தபின், பாதிக்குப் பதிலாக மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று விகிதத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, பைத்தானில் இருபது வரிகளில் எழுதி, நூறு புள்ளிகளை வரையச் செய்யுங்கள். கட்டர்முனை கேட்டுக்கொண்டால், அதே நூறு புள்ளிகளை ஜி01 (நேர்கோட்டு வெட்டு) வரிகளாக அச்சிடவும் செய்யலாம். ஆய்வகத்துக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல அதுவே நல்ல நிரலாக இருக்கும்.