க்ரூசேடர் கிங்ஸ் 3: சோழ மண்டலப் பெயர்களை எப்படிப் போடுவது?

கேள்வி: க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற இடைக்கால வியூகக் கணினி ஆட்டத்துக்கு மாற்று வரைபடம் செய்கிறேன். ஆட்டம் 1066-ஆம் ஆண்டில் தொடங்கும்போது இருக்கும்படி தமிழகத்தையும் ஈழத்தையும் புதிதாகப் பிரிக்கிறேன். தொண்டை மண்டலத்துக்கு ஜெயங்கொண்ட சோழ மண்டலம், கங்கபாடிக்கு (இன்றைய தென் கர்நாடகப் பகுதி) முடிகொண்ட சோழ மண்டலம் என்று நேரடியாகவே எழுதிவிடலாமா? இன்னொன்று, புதிதாக வரைந்த எல்லையோரம் பொட்டுப்பொட்டாகப் பிழை காட்டுகிறது.

பதில் 1: பொட்டுக்குக் காரணம் தூரிகைதான். ஓரத்தை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு, பென்சில் கருவியால் மட்டும் வரையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நிறமும் கலந்து, டெஃபினிஷன் கோப்பில் (எந்த நிறம் எந்த நிலப்பகுதி என்ற பட்டியல்) இல்லாத மூன்றாவது நிறம் பிறக்கும். ஒரு நிலப்பகுதிக்கு ஒரே ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவு) நிற எண். அந்தப் பட்டியலின் வரிசை எண்ணில் இடைவெளி விடக் கூடாது. பெயர்க் கோப்பை யுடிஎஃப்-8 பிஓஎம் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள்.

பதில் 2: நேரடியாக எழுதாதீர்கள். அவை ராஜராஜன் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த பெயர்கள். 867-இல் ஆட்டம் தொடங்கினால் காஞ்சி பல்லவர் கையில் இருக்கும். அங்கே தொண்டை மண்டலம்தான் சரி. அதையே அடிப்படைப் பெயராக வையுங்கள்.

பதில் 3: ஆள்பவருக்கேற்ப ஊர்ப்பெயரை ஆட்டமே மாற்றும் பண்பாட்டுப் பெயர் வசதியையும் நம்ப வேண்டாம். அது ஆள்பவரின் பண்பாட்டை மட்டுமே பார்க்கும், வம்சத்தைப் பார்க்காது. ஈழத்தின் பொலன்னறுவைக்குத் தமிழ்ப் பெயராக ஜனநாதமங்கலம் கொடுத்தால், பாண்டியன் பிடித்தாலும் அதுவே வரும். ஜனநாதன் என்ற ராஜராஜனின் விருதுப்பெயரைப் பாண்டியன் சூட்டுவானா? ஆள்பவர் சோழ வம்சமா என்று சோதிக்கும் நிகழ்வு (ஆட்டத்தில் தானாக ஓடும் நிரல்) எழுதி, அதில் பெயரை மாற்றுங்கள். ஊர் கைமாறியதும் பழைய பெயரைத் திருப்பும் நிகழ்வும் அவசியம்; வரலாற்றில் 1070-இல் சிங்கள மன்னன் விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டுவிடுகிறான்.