லாங் வவல்: படிக்க வருகிறது, எழுதத்தான் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

குட்டிமா அம்மா:
வணக்கம். மகளுக்கு ஏழு வயது. ஹாப், ஃபின், சன் மாதிரி மூன்றெழுத்து ஆங்கில வார்த்தைகளைத் தடங்கல் இல்லாமல் படிக்கிறாள், எழுதவும் செய்கிறாள். லாங் வவல், அதாவது நீளமான உயிரொலி என்று சொல்லித்தருவது, வந்ததிலிருந்துதான் சிக்கல். 'கேக்' எழுதச் சொன்னால் சி, ஏ, ஏ, கே. ஏன் இரண்டு ஏ என்று கேட்டால், "நெடில்தானேம்மா, நீளமாத்தானே வரணும்" என்கிறாள். மழைக்கான 'ரெயின்' ஆர், ஏ, என், இ ஆகிவிடுகிறது. 'ஃபீல்' என்றால் நடுவில் ஒரு ஐ. பத்து வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் உச்சரிப்பையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை, அழுகை வேறு. புத்தகத்தில் பார்த்தால் ஓரளவு சரியாகப் படிப்பவள் எழுதும்போது மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகிறாள்?

சாக்பீஸ்:
பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். முதலில் ஒன்று: கீழே தமிழில் உச்சரிப்பு எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தலையில் வைக்கும் 'கேப்', தோளில் போர்த்தும் 'கேப்' இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும். பிள்ளை பிரித்துக் கேட்க வேண்டிய வித்தியாசமே அந்தத் தாளில் அழிந்துபோகிறது. தொப்பிக்கான சொல்லில் வரும் ஒலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. தாடையை நன்றாக இறக்கி, அ-வுக்கும் எ-வுக்கும் இடையில் சொல்வது அது. வாயைப் பார்த்துத்தான் பழக முடியும்.

அதனால் ஏ-யில் தொடங்காதீர்கள். பெரும்பாலான புத்தகங்கள் அதில்தான் தொடங்குகின்றன, ஆனால் தமிழ் காதுக்கு அதுதான் கடினம். ஐ, ஓ இரண்டிலும் தொடங்குங்கள். ஃபின், ஃபைன். ஹாப், ஹோப். நாட், நோட். முதல் சொல்லை எழுதிப் படிக்கச் சொல்லுங்கள், கடைசியில் இ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி மறுபடி படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அந்த இ-யை விரலால் மறைத்து மீண்டும். நடுவில் இருக்கும் எழுத்து இப்போது தன் பெயரையே சொல்கிறது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். 'அஸ்' என்பதோடு இ சேர்த்தால் 'யூஸ்' என்று காட்டிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நெடில் என்ற சொல்லை மட்டும் இங்கே பயன்படுத்த வேண்டாம். நம் குறிலும் நெடிலும் ஒரே ஒலி, ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் லாங் என்று சொன்னாலும் ஒலியே வேறு. 'பெயரைச் சொல்லும் எழுத்து' என்று சொல்லிக்கொடுங்கள். ஃபீல் குழப்பமும் இங்கேயிருந்துதான் வருகிறது. ஃபின்னில் கேட்கும் தமிழ் இ ஒலியை ஐ என்ற ஆங்கில எழுத்தால் எழுதப் பழகியிருக்கிறாள், தமிழில் அதன் நெடில் ஈ, எனவே அதே எழுத்தைப் போடுகிறாள். அவள் கணக்கில் அது சரியே.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. படிக்கும்போது ஏ-யும் ஐ-யும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரே ஒலிதான். எழுதும்போதோ அந்த ஒலிக்கு இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன, எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் எழுத்து எப்போதும் வாசிப்புக்குப் பின்னால்தான் வரும், சில மாதங்கள்கூட ஆகலாம். ஆர், ஏ, என், இ என்று எழுதியவள் ஒலியைச் சரியாகக் கேட்டிருக்கிறாள், ஒலியை எழுதும் ஒரு வழியையும் சரியாகப் போட்டிருக்கிறாள். அதை முதலில் பாராட்டிவிட்டு, "இந்தச் சொல் வேறு வழியில் போகிறது" என்று சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வழி மட்டும். கடைசி இ உறுதியான பிறகு, நடுவில் ஏ-ஐ, கடைசியில் ஏ-ஒய். ரெயின், மெயில் நடுவில். டே, பிளே கடைசியில். ஓ-வுக்கும் அப்படித்தான், போட் நடுவில் ஓ-ஏ, ஸ்னோ கடைசியில் ஓ-டபிள்யூ. சொல்லிக்கொடுத்த வழியில் இருக்கும் சொற்களை மட்டுமே டிக்டேஷனில் கேளுங்கள். பத்து வேண்டாம், நான்கு போதும்.

பழைய அகராதி:
சி, ஏ, ஏ, கே என்று எழுதிய குழந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'நேம்' என்ற சொல்லை ஏறக்குறைய 'நாம' என்றே சொன்னார்கள், 'டைம்' என்பது 'டீம' மாதிரி ஒலித்தது. அதாவது அப்போது லாங் ஏ நிஜமாகவே நம் ஆ போல நெடில்தான், கடைசி இ-க்கும் ஒலி இருந்தது. அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் இந்த நெடில்கள் எல்லாம் இடம் மாறின, மொழியியலில் இதைப் பெரிய உயிரொலி மாற்றம் என்பார்கள். இதற்கு நடுவில், 1476 வாக்கில், காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறைந்துபோனது, வாய் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பெயர் லாங் என்றே தங்கிவிட்டதும் அதனால்தான். இதைப் பிள்ளையிடம் கதையாகவே சொல்லலாம், தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அழுகை குறையும்.

குட்டிமா அம்மா:
இருவருக்கும் நன்றி. தாளை எடுத்து வைத்துவிட்டேன். இன்று ஹாப், ஹோப் மட்டும் செய்தோம், விரலால் மறைத்து மறைத்து அவளே பத்து முறை விளையாடினாள். அப்புறம் புத்தகத்தில் 'ஹேவ்' வந்தது, "இதிலும் கடைசியில் இ இருக்கே, ஏன் பெயரைச் சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?

சாக்பீஸ்:
அருமையான கேள்வி, கேட்டதற்கே அவளைத் தட்டிக்கொடுங்கள். ஆங்கிலச் சொற்கள் வழக்கமாக வி என்ற எழுத்தில் முடிவதில்லை. ஹேவ், கிவ், லவ் எல்லாவற்றிலும் அந்த இ நிற்பது வி-க்காக, நடு எழுத்துக்காக இல்லை. கம், சம் மாதிரி வேறு சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றைத் தனியாக ஒரு அட்டையில் எழுதி வையுங்கள், எதிரே வரும்போது மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.