தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் போவது: தமிழில் ஒரு குழு வேண்டுமா?

ஃபீனிக்ஸ் சைரன்:

வணக்கம். சிலருக்கு ரயில், சிலருக்கு விமானம், எனக்குத் தீயணைப்பு வண்டி. தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் வட்டாரத்தில் எந்த நிலையத்தில் எந்த வண்டி நிற்கிறது, எது பம்ப், எது தண்ணீர் டேங்கர், எதில் நீள ஏணி இருக்கிறது, எது பட்டறைக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பவில்லை, எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இதற்குப் பல பக்கங்கள் ஓடுகின்றன. நம் ஆட்களுக்கென்று தமிழில் ஒரு வாட்ஸப் குழு தொடங்கலாம் என்று யோசனை. புகை தெரிந்தால் உடனே இடத்தைப் போடுவது, பக்கத்தில் இருப்பவர் போய்ப் படம் எடுப்பது, முடிந்தால் நேரலை.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தகவல். இங்கே நீல விளக்கு போலீஸுக்கும் போக்குவரத்துக் காவலுக்கும். சிவப்பு விளக்கு தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும். இழுவை வண்டியும் செக்யூரிட்டி வண்டியும் மஞ்சள். 1996ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 60ஆம் பிரிவுப்படி, விளக்கும் சைரனும் போட்டுக் கவனமாக ஓட்டினால் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போக்குவரத்துக் காவல் வண்டிகளுக்கு வேக வரம்பு கிடையாது. பின்னால் போகும் நமக்கு உண்டு :)

யார் யார் சேர்கிறீர்கள்?

இரவு ஷிஃப்ட்:

நான் சேரவில்லை. வேறு யாரும் சேராமல் இருந்தால் நல்லது.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து போக்ஸ்பர்க் மறந்துவிட்டதா? 2022 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. எல்பிஜி டேங்கர் ஒன்று தாழ்வான ரயில் பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு தீப்பிடித்தது. பக்கத்திலேயே டாம்போ நினைவு மருத்துவமனை. முதலில் எரிந்தபோது சனம் வேடிக்கை பார்க்க நின்றது, போனில் படம் எடுத்தது. அதற்கப்புறம்தான் பெரிய வெடிப்பு. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவமனை ஊழியர்களும் அதில் உண்டு, தீயணைப்பு வீரர்களும் காயப்பட்டார்கள். நான் நர்ஸ். தீக்காய வார்டில் ஒரு வாரம் வேலை செய்துவிட்டு வந்து "நேரலை" என்று எழுதுங்கள் பார்ப்போம்.

ஃபீனிக்ஸ் சைரன்:

அக்கா, அங்கே நின்றவர்கள் அந்தத் தெருவில் இருந்தவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். என்னைப் போல ஒருவன் இருந்திருந்தால் ஓடச் சொல்லிக் கத்தியிருப்பான். டேங்கரில் ஆரஞ்சுப் பலகை இருக்கும், அதில் 1075 என்றால் எல்பிஜி, 1203 என்றால் பெட்ரோல். வாயு டேங்கரைத் தீ சுற்றிவிட்டால், உள்ளே திரவம் இல்லாத மேல்பகுதித் தகடு சூடேறி வலுவிழக்கும், உள்ளே கொதித்து அழுத்தம் ஏறும், பிறகு தகடு கிழியும். டேங்கர் தீயில் இருந்தால் 1600 மீட்டர் விலகு என்கிறது வட அமெரிக்க அவசரகால வழிகாட்டி நூல். ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல்! இதைத் தெரிந்துகொள்ளத்தான் குழு வேண்டும் என்கிறேன்.

இரவு ஷிஃப்ட்:

1600 மீட்டர் தள்ளி நின்றால் உங்களுக்குப் படம் கிடைக்காது. அப்படியானால் எதற்குப் போகிறீர்கள்?

சாட்ஸ்வர்த் மாமா:

நான் தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீ படம் எடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. உன் காரில்தான் வருத்தம். நாங்கள் போய் இறங்குவதற்குள் தெரு முழுக்கக் கார் நிற்கும். ஹைட்ரன்ட் (தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்) மூடி எங்கே என்று தேடினால் அதன் மேல் ஒரு டொயோட்டா. அப்புறம் ஹோஸைத் தரையில் விரித்த பிறகு ஒருத்தர் வீட்டுக்குப் போக அவசரம் என்று அதன் மேலேயே ஏற்றுவார். அந்த ஹோஸின் மறுமுனையில் புகைக்குள் முழங்காலில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கையில் இருந்த தண்ணீர் திடீரென்று செத்துவிட்டது என்பதுதான். சக்கரம் இறங்கினதும் அழுத்தம் ஒரே உதறலாகத் திரும்பி வரும், நாஸில் பிடித்திருப்பவனைத் தூக்கிப் போடும்.

1987ஆம் ஆண்டின் தீயணைப்புப் படைச் சட்டத்தில் எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. தெருவை மூடலாம், பூட்டை உடைக்கலாம், இடைஞ்சலாக நிற்பவரைத் தேவைப்பட்டால் பிடித்துத் தள்ளியும் அகற்றலாம். ஆனால் அதற்கு ஆள் வேண்டுமே. ஒரு வண்டியில் வருபவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். ஒருவன் உங்களைத் துரத்தப் போனால் பம்ப்பை யார் பார்ப்பது?

கரும்புக்காடு:

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் வடக்குக் கடற்கரைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை. ஏப்ரல் வாக்கில் ஆரம்பித்து வருடக் கடைசி வரை அறுவடை. வெட்டுவதற்கு முன் சோகையை (காய்ந்த கரும்பு இலையை) எரிப்போம். புகை வானத்துக்கு நிற்கும், கரி வந்து ஊரெல்லாம் காயும் துணியில் விழும். ஒவ்வொரு சீசனிலும் யாராவது அதைப் படம் பிடித்து "பெரிய தீ விபத்து" என்று போடுகிறார்கள், மற்றவர்கள் போன் அடிக்கிறார்கள். பக்கத்தில் எங்கள் பக்கி-சக்கி நிற்பது படத்திலேயே தெரிகிறது, அதையாவது பாருங்கள். (பிக்கப்பின் முதுகில் தண்ணீர்த் தொட்டியும் பம்ப்பும் ஏற்றியது. புல்தீக்கும் கரும்புத்தீக்கும் அதுதான் முதலில் போகும்.) சைரன் தம்பியின் பட்டியலில் அதற்கு இடமுண்டா?

ஃபீனிக்ஸ் சைரன்:

பக்கி-சக்கிக்குத் தனிப் பக்கமே இருக்கிறது அண்ணா. போலிப் புகையை நாங்கள் சொன்னால் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் தேவையற்ற அழைப்பு குறையும் அல்லவா? மாமா சொன்ன காரும் சரி. இரண்டு தெரு தள்ளி நிறுத்தி நடந்து போவது என்று விதி வைத்துவிடலாம்.

மெரிபேங்க்காரி:

எல்லோரும் தம்பியைப் போட்டு அடிக்கிறீர்கள், என் பங்குக்கு எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

தென் டர்பனில் இருப்பவர்களுக்குப் புகை வேடிக்கை அல்ல. 2020 டிசம்பர் 4 காலையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது எங்கள் ஜன்னல் அதிர்ந்தது, வென்ட்வொர்த்தில் அடுக்குமாடி வீடு ஒன்று எரிந்தது. அன்று முதலில் என்ன நடந்தது என்று சொன்னது அக்கம்பக்கத்தார் எடுத்த வீடியோதான். எங்கள் பகுதியில் பல வருடமாக மக்களே வாளியில் காற்று மாதிரி பிடித்துச் சோதனைக்கு அனுப்பி வந்திருக்கிறார்கள். ஏன்? "ஒன்றும் இல்லை, எல்லாம் கட்டுப்பாட்டில்" என்ற பதிலுக்கு எதிராக வைக்க நம்மிடம் ஏதாவது வேண்டும்.

டர்பனுக்கு வடக்கே கார்னுபியாவும் அப்படித்தான். 2021 ஜூலைக் கலவரத்தில் வேளாண் வேதிப்பொருள் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். நாள்கணக்கில் புகைந்தது. பக்கத்து ஃபீனிக்ஸ் மக்கள் அதை மூச்சில் இழுத்தார்கள். தீயில் ஊற்றிய தண்ணீர் விஷத்தோடு கழிமுகத்துக்கு ஓடி மீன்கள் செத்தன, கடற்கரையை மாதக்கணக்கில் மூடினார்கள். புகை எந்தப் பக்கம் போனது, எத்தனை மணிக்கு என்ன நிறம் என்று யாராவது ஒழுங்காகக் குறித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பியிடம் இருப்பது அந்தக் குறிக்கும் பழக்கம். அதைக் கொல்லாதீர்கள்.

இரவு ஷிஃப்ட்:

புகையைப் படம் எடுப்பதையும் மனிதரைப் படம் எடுப்பதையும் ஒன்றாக்காதீர்கள். 2018 செப்டம்பர் 5, ஜோகன்னஸ்பர்க்கில் பேங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடத்தில் தீ. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஒருவர் மேலிருந்து விழுந்தார், அதை யாரோ பிடித்து அனுப்ப, நாடு முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. எனக்கே நாலு குழுக்களிலிருந்து வந்தது. கட்டடத்தை அடுத்த வருடமே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், அந்த வீடியோ மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எடுத்தவரும் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார்.

சட்டம் கொஞ்சம் தெரியும்:

பொது இடத்தில் நின்று படம் எடுப்பதற்குத் தடை இல்லை. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் (2013இல் இயற்றியது, 2021 ஜூலையிலிருந்து முழுமையாகச் செயல்படுகிறது) சொந்த, வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாது. செய்தித்துறைக்கும் விலக்கு உண்டு. ஆனால் 300 பேர் உள்ள குழுவை "வீட்டு உபயோகம்" என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரின் படம் உடல்நலத் தகவல். அதற்குச் சட்டத்தில் தனிக் கண்டிப்பு. வண்டியின் படம் வேண்டுமளவு போடுங்கள், எந்தத் தீயணைப்பு வண்டியும் வழக்குப் போடாது.

டேபிள் மலை:

கேப் டவுனிலிருந்து. ஆர்வம் இருந்தால் உள்ளே வரலாமே? இங்கே காட்டுத்தீ தன்னார்வலர் படை இருக்கிறது, நியூலேண்ட்ஸ், ஜோன்கர்ஸ்ஹூக் முதலான இடங்களில் நிலையங்கள். வார நாளில் கணினி வேலை, தீக்காலத்தில் மலை ஏறித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. 2021 ஏப்ரலில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜேகர் நூலக வாசிப்புக்கூடம் எரிந்த தீயும் இந்த மலைச்சரிவில் கிளம்பியதுதான். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் தண்ணீர் கொட்டும்போது கீழே நின்று பாருங்கள், படம் எடுக்கும் ஞாபகமே வராது.

ஃபீனிக்ஸ் சைரன்:

அண்ணா, எனக்கு ஆஸ்துமா. மருத்துவப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். வண்டியை ரசிக்க நுரையீரல் தேவையில்லை.

கிளேர் எஸ்டேட்:

ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு எதிரே கென்னடி ரோடு குடிசைப் பகுதி. மெழுகுவத்தி சாய்ந்தாலோ மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்தாலோ ஒரு வரிசையே போகும். சந்து குறுகல், வண்டி உள்ளே நுழையாது, ரோட்டில் நின்று ஹோஸை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், சனம் வாளியோடு நிற்கும். உங்கள் நோட்டில் அந்தத் தீ எத்தனை? புதிய ஏணி வண்டி வந்தால் எல்லோரும் வருகிறீர்கள். குடிசை எரிந்தால் ரசிகர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஃபீனிக்ஸ் சைரன்:

அங்கே நான் வந்து நின்றால் "வேடிக்கை பார்க்க வந்துட்டான்" என்பீர்கள். வராவிட்டால் "எங்கே போனான்" என்கிறீர்கள்.

கிளேர் எஸ்டேட்:

வந்து வாளி பிடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

டோங்காட் தண்ணீர்:

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்க் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் குழாயில் காற்று. வீட்டுக்கே தண்ணீர் இல்லை என்றால் ஹைட்ரன்ட்டில் என்ன இருக்கும்? அந்தச் சமயம் தீப்பிடித்தால் டேங்கர் கொண்டுவருவதுதான் தண்ணீர். தீர்ந்தால் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

அதனால் என் யோசனை: வண்டிக்குப் பின்னால் ஓடுவதற்குப் பதில் ஹைட்ரன்ட்டைத் தேடிப் போங்கள். எது தார் போட்டு மூடிப்போச்சு, எதன் மூடியைத் திருடிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், எதன் மேல் கடை கட்டியிருக்கிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (மக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடம்) ஹைட்ரன்ட்டுக்கென்று குறியீடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். தீ இல்லாத நாளில் செய்யக்கூடிய வேலை.

சாட்ஸ்வர்த் மாமா:

இது நல்ல யோசனை. ஆனால் திறந்து பார்க்கிறேன் என்று யாரும் சாவி வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். தப்பாகத் திறந்து சட்டென்று மூடினால் குழாயே வெடிக்கும், அப்புறம் தெருவுக்கே தண்ணீர் இல்லாமல் போகும். பார், குறி, நகராட்சிக்குச் சொல், அவ்வளவு.

சைரன் தம்பிக்கு: படம்தானே வேண்டும்? காலையில் ஷிஃப்ட் மாறும்போது எல்லா வண்டியையும் சோதிப்பார்கள். பம்ப்பை ஓட்டுவார்கள், விளக்கைப் போடுவார்கள், சில நாள் ஏணியையும் தூக்குவார்கள். நிலையத்து அதிகாரியிடம் முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். தேநீரும் தருவார்கள். தீ நடக்கிற இடத்தில் கிடைப்பதைவிட நல்ல படம் கிடைக்கும், வெளிச்சமும் இருக்கும்.

ஃபீனிக்ஸ் சைரன்:

சரி, எல்லாம் கேட்டுக்கொண்டேன். குழுவை இப்படி வைக்கிறேன். நேரலை கிடையாது. வண்டி நிலையத்துக்குத் திரும்பும் வரை இடத்தைப் போடுவதில்லை. ஆட்கள், வீட்டு எண், கார் எண் தெரியும் படம் இல்லை. ஹைட்ரன்ட்டுக்குத் தனிப் பகுதி. தீயைப் பார்த்தால் முதலில் அவசர எண், செல்போனிலிருந்து 112, பிறகுதான் குழு.

அதற்காகத் தீ நடக்கும் இடத்துக்கே போக மாட்டேன் என்று எழுதித் தர முடியாது. வண்டி நிலையத்தில் நிற்பது வேறு, வேலை செய்வது வேறு. மாமாவுக்கே தெரியும்.

மெரிபேங்க்காரி:

நான் சேர்கிறேன். புகை நிறம், காற்றுத் திசை, நேரம் மூன்றுக்கும் ஒரு படிவம் போடு தம்பி.

இரவு ஷிஃப்ட்:

விதிகள் நன்றாக இருக்கின்றன. 200 பேர் சேர்ந்த பிறகு ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தர் வீடு எரியும் நேரலையைப் போட்டால், அதை உடனே நீக்குவது யார்?

ஃபீனிக்ஸ் சைரன்:

நான்தான் அக்கா. நான்தானே நிர்வாகி.

இரவு ஷிஃப்ட்:

அந்த நேரத்தில் நீங்கள் அந்தத் தெருவில் அல்லவா நிற்பீர்கள்?

டேபிள் மலை:

இன்னொரு நிர்வாகி போடுங்கள். தீயென்றால் வீட்டை விட்டு எழுந்திருக்காத ஆளாக.