மறு: மறு: 'நிறுவனர் விளைவு' சரிதானா? (வியாழனுக்குள் வேண்டும்)

வே. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி உயிரியல் துணைப்பாடத்துக்காக ஆஸ்துமா மரபியல் பற்றிய ஓர் இயலைப் பெயர்த்து வருகிறேன். வியாழன் மாலை கோப்பு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறது வேலை.

இயல் முழுக்க டிரிஸ்டன் டா குன்யா தீவைப் பற்றியது. தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலெனாவிலிருந்து சுமார் 2,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. மக்கள் 300 பேருக்கு உட்பட்டவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா. 1816-இல் வந்த பிரிட்டிஷ் காவற்படை திரும்பிப் போனபோது வில்லியம் கிளாஸ் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள், 1827-இல் செயின்ட் ஹெலெனாவிலிருந்து வந்த பெண்கள் என்று சேர்ந்த சுமார் 15 பேரின் வழியில் வந்தவர்களே இன்றைய மக்கள். அந்த 15 பேரில் சிலருக்கு ஆஸ்துமா இருந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு.

இப்படி ஒரு சிலர் மட்டும் புதிய இடத்தில் தொடங்கிவைத்ததால், அவர்களிடம் இருந்த ஒரு மரபுக்கூறு பின்வந்தவர்களில் மிகுந்துவிடுவதை ஆங்கிலத்தில் 'ஃபவுண்டர் எஃபெக்ட்' என்கிறார்கள். புழக்கத்தில் இருப்பது 'நிறுவனர் விளைவு'. ஆனால் "தீவின் நிறுவனர்களுக்கு ஆஸ்துமா இருந்தது" என்று எழுதிப் பார்த்தால் ஏதோ கம்பெனி முதலாளிகளுக்கு மூச்சு முட்டியதுபோல இருக்கிறது. வேறு நல்ல சொல் உண்டா? படப் பெட்டியில் 10 எழுத்துக்கு மேல் கொள்ளாது. இடைவெளி கணக்கில் இல்லை.

புலவர் இரா. எழுதியது:

'நிறுவனர்' வேண்டா. நிறுவுதல் என்பது திட்டமிட்டு நாட்டல். கப்பல் உடைந்து ஒதுங்கியவன் எதை நாட்டினான்? 'முதற்குடி விளைவு' என்க. எட்டே எழுத்து. குடி என்பது வளைவுப் பொருள் தரும் 'குள்' அடியிற் பிறந்தது. குள் – குட – குடி. வளைந்த கூரையுடைய குடில், அதில் வாழ்வோர், பின் அவர் வழிவந்தோர் எனப் பொருள் விரிந்தது. பின்னிய மொழியில் வீட்டுக்குக் 'கோட்டி' என்று பெயர் என்பதையும் கருதுக. இத்தனை ஆழமான சொல் கையில் இருக்க, நிறுவனத்தின் வாசலில் ஏன் நிற்க வேண்டும்?

மரு. ச. எழுதியது:

ஐயா, பின்லாந்துவரை போக வேண்டாம், மதுவிலக்குத் துறைவரை போனால் போதும். நுரையீரல் நோய் பற்றிய பாடத்தில் 'முதற்குடி விளைவு' என்று தலைப்பிட்டால், முதல் முறை குடித்தால் என்ன ஆகும் என்றுதான் மாணவர் படிப்பார். 'மூலர் விளைவு' என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மருத்துவத்தில் மூலம் வேறு நோய்.

வே. அவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று. "பாதிப் பேருக்கு ஆஸ்துமா" என்ற வரியில், யாரை ஆஸ்துமா நோயாளி என்று கணக்கில் எடுத்தார்கள் என்பதும் வர வேண்டும். 1993-இல் டொரான்டோவிலிருந்து ஸமெல் என்ற ஆய்வாளரின் குழு அந்தத் தீவுக்குப் போனபோது "இழுப்பு உண்டா" என்று கேட்டதோடு நிற்கவில்லை, ஊதச் சொல்லியும் பார்த்தார்கள். மெத்தாகோலின் (மூச்சுக்குழலைச் சுருங்கவைக்கும் மருந்து) சோதனை பொதுவாக இப்படி நடக்கும். முதலில் சும்மா ஊதவைத்து, முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவைக் குறிப்பார்கள் (எஃப்.இ.வி.1). பிறகு அந்த மருந்தின் மிக நீர்த்த கரைசலை 2 நிமிடம் ஆவியாக இழுக்கவைத்து, 30-ஆம் நொடியிலும் 90-ஆம் நொடியிலும் மறுபடி ஊதச் சொல்வார்கள். ஒவ்வொரு படியிலும் செறிவு இரட்டிக்கும், ஒரு மி.லி.க்கு 16 மி.கி. வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் எஃப்.இ.வி.1 20% விழுந்தால் அந்தச் செறிவே விடை. உடனே சால்புட்டமால் கொடுத்துக் குழலைத் திறந்துவிடுவார்கள். விடை 4-க்குக் கீழே என்றால் மூச்சுக்குழல் சீண்டலுக்கு மிகையாகச் சுருங்குகிறது என்று பொருள், 4 முதல் 16 வரை எல்லைக்கோடு. காலையில் இன்ஹேலர் அடித்துவிட்டு வந்தவருக்கு இந்தச் சோதனை பொய் சொல்லும். குறைந்தது 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஏற்கெனவே எஃப்.இ.வி.1 மிகக் குறைவாக இருப்பவருக்குச் சோதனையே கூடாது. அவருக்குக் குழலைத் திறக்கும் மருந்து கொடுத்து, எஃப்.இ.வி.1 12 விழுக்காடும் 200 மி.லி.யும் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

நோயின் பெயரை 'ஆஸ்துமா' என்றே எழுதுங்கள். 'ஈளை' நல்ல சொல்தான், ஆனால் இன்று யாருக்கும் புரியாது. 'இழுப்பு' சில ஊர்களில் வலிப்பையும் குறிக்கும்.

யாழ். க. எழுதியது:

இங்கே யாழ்ப்பாணத்தில் 'தொய்வு' என்ற சொல் இன்னும் வீடுகளில் உயிரோடிருக்கிறது, ச. ஐயா. பாடநூலில் 'ஆஸ்துமா'தான், அதனால் சண்டைக்கு வரவில்லை. 'மரபணு' என்பதில் மட்டும் எனக்குக் குறை உண்டு. டி.என்.ஏ. சோதனைக்கும் 'மரபணுச் சோதனை', ஜீனுக்கும் 'மரபணு'. மாணவர் எதை எதென்று பிரிப்பார்? நாங்கள் 'பரம்பரையலகு' என்போம். நீளம், ஆனால் குழப்பம் இல்லை. 'விளைவு' என்பதை மாற்றித் 'தாக்கம்' என்று போட்டுவிடாதீர்கள். எங்கள் வேதியியலில் தாக்கம் என்றால் ரியாக்‌ஷன்.

இன்னொன்று. அந்தத் தீவில் நடந்தது ஒரே விளைவல்ல. 1856–57-இல் பலர் வெளியேறி, 103 ஆக இருந்த மக்கள்தொகை 33 ஆனது. 1885-இல் ஒரு படகு போய் 15 ஆண்கள் திரும்பவில்லை. இவை இரண்டும் 'போத்தல் கழுத்து'. புதிய இடத்தில் சிலர் தொடங்கிவைப்பது வேறு, இருந்தவர்கள் சுருங்கிப்போவது வேறு. நீங்கள் தேடும் சொல் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். அதனால் 'சிறுகுடி விளைவு' என்பதையும் விலக்குங்கள், அது இரண்டுக்கும் பொருந்திவிடும். மெய்ப்புத் திருத்துபவர் அதைச் 'சிறுகுடல்' ஆக்கும் ஆபத்தும் உண்டு.

நா. எழுதியது:

பயிர்ப் பெருக்கத் துறையிலிருந்து ஒரு யோசனை: விதைநெல் விளைவு. ஏழு எழுத்து.

கணக்கைப் பாருங்கள். 15 பேர் என்றால், ஆளுக்கு இரண்டாக, ஒவ்வொரு மரபணுவிலும் 30 படிகள் (பிரதிகள்). தாய்நாட்டில் ஆயிரம் படிகளுக்கு ஒன்றாக இருந்த ஓர் எதிருரு (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்), அந்த 30-இல் ஒன்றாக ஏறிவிட்டால் 3.3%. கப்பல் ஏறியதிலேயே 33 மடங்கு. அதன் பிறகு ஊருக்குள்ளேயே மணம் முடிப்பதால் அது தொலையாமல் சுற்றிச்சுற்றி வரும். விதைநெல் மூட்டையில் இரண்டு மணி கலவன் இருந்தால் அடுத்த போகத்தில் வயலெங்கும் தலைகாட்டும் அல்லவா? உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது விளக்கம் தேவைப்படாது. விளைவு என்ற சொல்லும் விளைச்சலோடு உறவாடுகிறது.

ஆய்வாளர்களுக்கு இத்தகைய தீவு கிடைத்தால் ஏன் கொண்டாட்டம் என்பதையும் இதில் விளக்கலாம். ஒரே மூதாதையிடமிருந்து வந்த டி.என்.ஏ. துண்டு சில தலைமுறைகளில் அதிகம் அறுபடாது. நோயாளிகள் எல்லோரிடமும் அதே நீண்ட துண்டு கிடக்கும், அதனால் அதைக் கண்டுபிடிக்கக் குறைந்த குறியீடுகளே (டி.என்.ஏ.வில் இடம் காட்டும் அடையாளங்கள்) போதும். கலந்த மக்களில் அப்படி முடியாது. 2007-இல் 17-ஆம் குரோமோசோமில் குழந்தைப்பருவ ஆஸ்துமாவோடு தொடர்புடைய இடத்தைப் பிடித்தவர்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறியீடுகளைத் துழாவினார்கள்.

புலவர் இரா. எழுதியது:

விதைநெல் என்பது வினைத்தொகையா, பண்புத்தொகையா? விதைத்த நெல், விதைக்கின்ற நெல், விதைக்கும் நெல் என விரித்தால் ஊறுகாய் போல வினைத்தொகை. விதையாகிய நெல் எனில் இருபெயரொட்டு. தீவுக்குப் போனவர் எந்தத் தொகை? இது தெளியாமல் கலைச்சொல் ஆக்குவது அழகன்று.

குடி என்பதில் கள்வாடை வீசுகிறதென்றால் 'குலமுதல் விளைவு' என்க.

மரு. ச. எழுதியது:

குலம் மட்டும் வேண்டாம் ஐயா, இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. இந்தச் சொல் தீவோடு நிற்கப்போவதில்லை. தெற்காசியாவில் அகமணக் குழுக்கள் (தமக்குள்ளேயே மணம் முடிப்பவை) பலவற்றில் இதே விளைவு அழுத்தமாக இருப்பதை 2017-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் காட்டியிருக்கிறார்கள். அதில் வரும் எடுத்துக்காட்டும் மூச்சோடு தொடர்புடையதுதான். ஆந்திர வைசியர்களில் சிலருக்குப் பியூட்டிரில்கோலினெஸ்டெரேஸ் நொதி குறைவு. அறுவைக்கு முன் அந்த நொதி சிதைக்க வேண்டிய சக்ஸமெத்தோனியம் என்ற தசைத் தளர்த்தியைப் போட்டால் மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளியும் தசைச் செயலிழப்பு, இவர்களுக்கு மணிக்கணக்கில் நீளும். தானாக மூச்சு வரும்வரை வென்டிலேட்டரை எடுக்க முடியாது. இதை வகுப்பில் 'குலமுதல் விளைவு' என்று சொன்னால் அடுத்த கேள்வி மரபியலைப் பற்றி இருக்காது.

நா.வின் விதைநெல்லில் எனக்கு ஓர் இடறல். விதைநெல்லை உழவர் பொறுக்கி வைக்கிறார், நல்ல கதிராகப் பார்த்து. அது தேர்வு. தீவுக்குப் போனவர்களை யாரும் மரபணு பார்த்து அனுப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிய பிடி அது. இந்த இரண்டையும் குழப்பத்தான் மாணவர் காத்திருக்கிறார். 'கைப்பிடி விளைவு' என்றால் சரியாக இருக்குமோ?

நா. எழுதியது:

நியாயமான அடி. ஒப்புக்கொள்கிறேன். 'கைப்பிடி விளைவு' என்றால் சைக்கிள் நினைவு வருகிறதே. 'பிடிவித்து'?

புலவர் இரா. எழுதியது:

பிடி என்றால் பெண்யானை. களிறும் பிடியும் சங்கப் பாட்டெங்கும் உலவுகின்றன. 'பிடிவித்து' என்பதில் யானைக்கன்றுதான் பிறக்கும்.

யாழ். க. எழுதியது:

யானையைக் கட்டிவையுங்கள். 'ஃபவுண்டர்' என்ற அடைமொழி இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. 'ஃபவுண்டர் எஃபெக்ட்' என்பது சிலர் பிரிந்துபோய்த் தொடங்கியதால் எதிருருக்களின் வீதத்தில் வந்த மாற்றம். 'ஃபவுண்டர் மியூட்டேஷன்' என்பது ஒருவரிடம் முதலில் தோன்றிப் பின் பரவிய பிறழ்வு. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்ஸின் (நுரையீரலைக் காக்கும் புரதம்) குறைபாட்டை எடுங்கள், 1963-இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டது. அதன் 'இசட்' எதிருருவில் 342-ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசீன். இரு படியும் அப்படியே வாய்த்தவரின் கல்லீரலில் அந்தப் புரதம் ஒன்றோடொன்று பின்னித் தேங்கிவிடும். இரத்தத்தில் அளவு குறைந்து, நுரையீரலை வெள்ளணுக்களின் எலாஸ்டேஸ் நொதி அரிக்கும். புகையும் பிடித்தால் இளவயதிலேயே காற்றறைகள் சிதையும். அந்த எதிருரு வட ஐரோப்பாவில் பரவ ஆளில்லாத் தீவு எதுவும் தேவைப்படவில்லை. குடியேற்றம், பிடி, மூட்டை என்று உவமை வைத்துச் சொல் ஆக்கினால் இங்கே ஓட்டை விழும். வெறுப்பாக இருந்தாலும் 'நிறுவனர்' இரண்டுக்கும் நிற்கும்.

மரு. ச. எழுதியது:

'முதல்வர் பிறழ்வு' என்று தலைமைச் செயலகத்தை இழுக்காதவரை எனக்குச் சம்மதம். நிறுவனருக்கு என் கை.

நா. எழுதியது:

எனக்கும் அலுத்துவிட்டது. நிறுவனர். ஆனால் கண்ணை மூடி அள்ளிய பிடி விளக்கமாகவாவது உள்ளே வரட்டும்.

வே. எழுதியது:

நன்றி. இப்படிச் செய்திருக்கிறேன். விளைவின் பெயர் 'நிறுவனர் விளைவு'. ஆட்களைக் குறிக்கும்போது 'முதல் குடியேறிகள்'. 30 படிக் கணக்கும், பிடி விதையும் படத்தின் கீழே சிறு எழுத்தில். 'போத்தல் கழுத்து' வேறு பத்தியில். மெத்தாகோலின் செய்தியில் 6 மணி நேரத்தைச் சேர்த்தாயிற்று.

புலவர் இரா. எழுதியது:

என் மறுப்பைப் பதிந்துகொள்க. குடியேறி என்பதில் அதே குடி இருக்கிறதே, அதில் மட்டும் கள்வாடை வீசவில்லையோ?

வே. எழுதியது:

ஒரு பிழை நேர்ந்துவிட்டது. 'நிறுவனர்' என்று தேடி மொத்தமாக மாற்றியபோது படப் பெட்டிக்குள் இருந்ததும் மாறிவிட்டது. அங்கே இப்போது 'முதல் குடியேறி விளைவு' என்று நிற்கிறது. அச்சுக்கும் போய்விட்டது. உரையில் ஒன்று, படத்தில் ஒன்று. மெய்ப்பு நாளை காலை 10 மணிக்கு வரும், அப்போது திருத்திவிடுகிறேன்.

நா. எழுதியது:

சரியாக 10 எழுத்து வருகிறது. திருத்தத்தான் வேண்டுமா?

யாழ். க. எழுதியது:

ஆல்ஃபா-1 பத்திக்கு அது பொருந்தாது என்று நேற்றுத்தானே எழுதினேன்.

மரு. ச. எழுதியது:

இந்த இயலில் ஆல்ஃபா-1 பத்தியே கிடையாது, அம்மா.