செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை, வழி சொல்லுங்கள்

செங்கோட்டைவாசி:

வணக்கம். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலையில் இருந்தவர். பகவதிபுரம், ஆரியங்காவு பக்கம்தான் வேலை. 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் நின்றதே, அதற்கு முந்தைய மாதங்களில் டியூட்டி இல்லாத நாளெல்லாம் சின்ன டிஜிட்டல் கேமராவோடு பாதை நெடுக நடந்தார். வொய்டிஎம்4 டீசல் எஞ்சின் முன்னால் இழுக்க, பின்னால் பேங்கர் என்கிற துணை எஞ்சின் தள்ள, கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் வண்டி ஏறுவது, எடப்பாளையத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வரிசையாக நிற்பது, ஆரியங்காவு குகை வாயில் புகை என்று நிறைய எடுத்து வைத்திருக்கிறார். 2018-இல் அகலப்பாதையில் வண்டி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தப் படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது.

எல்லாம் ஒரு 2.5 இன்ச் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், 1 டிபி. போன வாரம் லேப்டாப்பில் சொருகினால் “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கொள்ளளவு சரியாகத்தான் வருகிறது, ஃபைல் சிஸ்டம் மட்டும் ‘ரா’ (விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை) என்று இருக்கிறது. டக் டக் சத்தம் இல்லை, சீராகத்தான் சுழல்கிறது. டிஸ்க்கின் உடல்நிலை பார்க்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது, ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ (படிக்கத் திணறுகிற செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) பூஜ்யமாக இல்லை. தென்காசியில் ஒரு கடையில் விண்டோஸின் பழுது பார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா தினமும் “கிடைச்சுதா?” என்கிறார். என்ன செய்யலாம்?

களியக்காவிளை:

பாலித்தீன் கவரில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். என் மச்சானுக்கு அப்படித்தான் ஓடியது.

புனலூர் தமிழன்:

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூக்கும். ஓடும்போது தகவலைப் படிக்கிற ரீடிங் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது, அந்த இடத்தில் நீர்த்துளி வந்தால் கதை முடிந்தது. நம் மலைப்பக்க மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம்.

தம்பி, செக்டிஸ்க் ஓட்டாமல் எடுத்து வந்தது நல்ல காரியம். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவது, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் பதிவுகளை அது வெட்டி எறிந்துவிட்டுப் போகும். அதுவும் சாகக் கிடக்கிற டிஸ்க்கின் மேலேயே எழுதும்.

நான் கொல்லத்தில் இந்த வேலைதான் பார்க்கிறேன். டிஸ்க் வந்ததும் முதலில் காதை வைத்துக் கேட்பேன். டக் டக் என்று அடித்தால் பெரும்பாலும் ஹெட் போச்சு, அதை மறுபடி ஆன் செய்யவே கூடாது, தூசியில்லா அறை உள்ள லேபுக்குத்தான் போகணும். சுழலவே இல்லை என்றால் மோட்டாராகவோ போர்டாகவோ இருக்கலாம், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். உங்களுடையது சுழல்கிறது, கொள்ளளவும் தெரிகிறது, சில செக்டார்கள் மட்டும் படிக்கவில்லை. வீட்டிலேயே முயற்சி செய்யலாம் என்று நான் சொல்வது இந்த வகைக்கு மட்டும்தான்.

முதல் வேலை முழு நகல். 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். 1 டிபி போதாதா என்று கேட்பார்கள், ஒரு செக்டார் குறைந்தாலும் நகல் முழுசாக அடங்காது. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் கணினியை ஏற்றி, குனு டிடிரெஸ்க்யூ என்கிற நகலெடுக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். அது முதலில் சுலபமாகப் படிக்கிற இடத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில்தான் திரும்பி வரும். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள். மின்சாரம் போனாலும் கேபிள் கழன்றாலும், அது இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த ஃபைலைப் பழைய டிஸ்க்கில் வைக்கக் கூடாது. எது மூலம், எது நகல் என்பதை சீரியல் நம்பர் பார்த்து உறுதி செய்துவிட்டே என்டர் தட்டுங்கள். மாற்றிப் போட்டால் காலி டிஸ்க் உங்கள் படங்கள் மேல் ஏறிவிடும், அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிப்பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை நேரே கணினியின் சாட்டா இணைப்பில் மாட்டலாமா என்று யோசிப்பீர்கள். சில டிஸ்க்குகளில் யுஎஸ்பி முனை போர்டிலேயே இருக்கும், சாட்டா முனையே இருக்காது. சிலவற்றில் பெட்டியின் சிப்தான் தகவலைப் பூட்டித் திறக்கும், பிரித்தால் வெறும் குப்பைதான் தெரியும். பெட்டியோடேயே ஓட்டுங்கள். ஃபேன் ஒன்றை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். நடுவில் டக் டக் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

லேபுக்குப் போக நேர்ந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தகவல் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா, மூடியைத் திறக்குமுன் நம் சம்மதம் கேட்பார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். திறந்து பார்த்துவிட்டு “முடியாது” என்று திருப்பிக் கொடுத்த டிஸ்க்கை அடுத்த லேப் தொடத் தயங்கும்.

செங்கோட்டைவாசி:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நகல் ஓடி முடிந்துவிட்டது. ஆரம்பத்தில் சரசரவென்று போனது, நடுவில் ஒரு பகுதியில் நத்தையாக ஊர்ந்தது, சத்தம் மட்டும் வரவே இல்லை. கொஞ்சம்தான் படிக்காமல் விட்டிருக்கிறது. நகலில் டெஸ்ட்டிஸ்க் என்கிற மீட்பு மென்பொருள் பழைய ஃபோல்டர்களைக் காட்டவில்லை, அதனால் ஃபோல்டர் இல்லாமலே படங்களைத் தேடி எடுக்கிற போட்டோரெக் ஓட்டினேன். படங்கள் வந்துவிட்டன! பெயரெல்லாம் வெறும் எண்கள். சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். பதிமூன்று கண் பாலத்துப் படம் ஒன்று அப்படித்தான் வந்திருக்கிறது, எஞ்சினும் முதல் பெட்டியும் தெரிகின்றன, பாலம் இல்லை. அதை மீட்க முடியுமா? வரிசைப்படுத்துவது எப்படி?

புனலூர் தமிழன்:

சந்தோஷம் தம்பி. சாம்பலாக வந்ததை அழித்துவிடாதீர்கள். கேமரா பல சமயம் ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் குட்டிப் படம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கும், 160க்கு 120 புள்ளி அளவில். படத்துக்குள் பதிந்த விவரங்களைப் படிக்கிற எக்ஸிஃப்டூல் என்கிற மென்பொருள் கொண்டு அதை வெளியே எடுக்கலாம். சின்னதுதான், பாலம் அதில் தெரியும். எடுத்த தேதியும் நேரமும் அங்கேயேதான் பதிந்திருக்கும், அதைக் கொண்டே பெயர் மாற்றலாம். கேமராவில் தேதி தப்பாக இருந்திருந்தால் மொத்தப் படங்களையும் ஒரே அளவு நகர்த்திவிடலாம், வரிசை கெடாது. எந்த ஸ்டேஷன் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள், அதை எந்த மென்பொருளும் சொல்லாது.

பழைய டிஸ்க்கையும் மேப் ஃபைலையும் பத்திரமாக வையுங்கள், டிஸ்க்கை இனி சொருக வேண்டாம். முழு அளவில் அந்தப் பாலத்துப் படம் வேண்டுமென்று அப்பா நினைத்தால், லேபுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த செக்டார்கள் பாக்கி என்பது மேப் ஃபைலில் இருக்கிறது, முழு டிஸ்க்கையும் மறுபடி படிக்காமல் அந்த இடங்களை மட்டும் முயன்று பார்க்கலாம்.